பொம்மலாட்டப் பொம்மைக்கு எந்த ஃபோம்? சிங்கப்பூர் வீடுகளில் செதுக்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

தமிழ் மொழி விழாவை ஒட்டிப் பிள்ளைகளுக்காக நடத்திய ஒரு கதை நிகழ்ச்சிக்கென நான் செதுக்கிய யானைப் பொம்மையை, நான்கு ஆண்டுகள் கழித்து மறுபடியும் மேடையேற்றலாம் என்று அலமாரியிலிருந்து எடுத்தேன். பையைத் திறந்து தூக்கியதும் தும்பிக்கை மட்டும் தனியே கையோடு வந்தது. மேல்துணியும் தையலும் பழுதின்றி இருந்தன. உள்ளே இருந்த சாம்பல் நிற ஃபோமோ ஈரம்பட்ட வெல்லத்தூளைப் போல விரலில் பிசுபிசுத்தது. செதுக்கியதில் பிழையில்லை, ஒட்டியதிலும் இல்லை. பழைய கேமராப் பெட்டியின் உட்பஞ்சு காசில்லாமல் கிடைக்கிறது, கத்திக்கும் நன்றாக இசைகிறது என்று அதை எடுத்துக்கொண்டதே பிழை.

கத்திக்கு இசைவது வேறு, பொம்மைக்கு உதவுவது வேறு. பொம்மையின் அசைவு, அதைத் தாங்கும் கை, அதன்மீது பூசப்படும் பசை, அது தூங்கும் அலமாரியின் ஈரம் ஆகிய நான்கையும் முதலில் எண்ணி, அதன் பிறகே கத்தியை எண்ண வேண்டும் என்பதை நான் காலங்கடந்து கற்றுக்கொண்டேன். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

முதற்படி: பொம்மையின் வேலையை எழுதிக்கொள்ளுதல்

தமிழ்நாட்டுப் பொம்மலாட்டத்தின் மரப்பொம்மைகள் நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் வரை இருக்கும். ஆட்டுபவர் தலையில் அணிந்துள்ள இரும்பு வளையத்தில் கயிறுகள் கட்டப்பட்டிருப்பதால், அந்த எடையைக் கைகள் மட்டும் சுமப்பதில்லை. வேலை முடிந்து வந்து, இரவு ஒன்பது மணிக்கு அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் செதுக்க உட்காரும் நமக்கு மரமும் உளியும் கட்டுப்படியாகா. ஓசையும் அண்டை வீட்டாருக்கு ஆகாது. ஃபோம் நமக்கு ஏற்றதாக இருப்பது அதனால்தான். ஆனால் மரத்திலும் பார்க்க ஃபோமில் வகைகள் மிகுதி என்பதால், வேலையைத் தெளிவாக எழுதிக்கொள்ளாமல் கடைக்குப் போனால் கண்ணில் படுவதை வாங்கி வருவோம்.

வாய் திறந்து மூடும் கைப்பொம்மை என்றால், ஒரே காட்சியில் அதன் தாடை நூற்றுக்கணக்கான முறை மடங்கி நிமிரும். அதற்கு அமுங்கியவுடன் எழும் மென்மையான ஃபோம் வேண்டும். கோலில் நிற்கும் பொம்மையின் தலை மடங்க வேண்டியதில்லை. அங்கே கெட்டியும் எடைக்குறைவும் போதும். நூலில் தொங்கும் பொம்மைக்கோ எடைக்குறைவு ஒரு குறை. தலையும் பாதமும் காற்றில் மிதப்பதுபோல் ஆடினால் நடை நடையாகத் தெரியாது. எனவே கெட்டி ஃபோமில் செதுக்கி, பாதத்துக்குள் தூண்டில் ஈயக்குண்டையோ பெரிய திருகையோ புதைக்க வேண்டும். ஆள் உள்ளே புகுந்து அணியும் பெருந்தலைப் பொம்மைக்கு, எல்லாவற்றுக்கும் முன்னால் காற்று போக வழி வேண்டும். இந்த வெயிலில் அதை மறந்தவர் அரை மணி நேரத்தில் மயங்கி விழக்கூடும்.

இரண்டாம் படி: வகைகளை அறிதல்

நாம் அன்றாடம் ஃபோம் என்றும் ஸ்பாஞ்ச் என்றும் தெர்மகோல் என்றும் சொல்லும் பொருள்களை, செதுக்குபவரின் கண்ணோடு பார்த்தால் மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம்.

முதல் குடும்பம் பாலியூரித்தேன். சோபாவிலும் மெத்தையிலும் இருக்கும் நுரைப்பஞ்சு இதுதான். இதன் நுண்ணறைகள் ஒன்றோடொன்று திறந்திருப்பதால் காற்றும் நீரும் ஊடே செல்லும், அமுக்கினால் எழும். கைப்பொம்மைத் தலைக்கு இதற்கு ஈடில்லை. நுண்ணறைகளின் மெல்லிய சவ்வை நீக்கி, எலும்புக்கூடு போன்ற வலையை மட்டும் விட்டுவைத்த வகையும் உண்டு. நீர்வடிகட்டிகளில் பயன்படும் அந்த வலை ஃபோம் சாயத்தை நன்றாக ஏற்கும், கத்தரி வெட்டிய இடம் தெரியாமல் மூடிக்கொள்ளும். தொலைக்காட்சிப் பொம்மைக் கலைஞர்கள் அதை விரும்புவது இதனால்தான். விலைதான் கூடுதல்.

இந்தக் குடும்பத்துக்குள்ளேயே சிங்கப்பூர்வாசிகள் கவனிக்க வேண்டிய பிரிவு ஒன்று இருக்கிறது. பாலியூரித்தேன் ஃபோம் பாலியெஸ்டர் அடிப்படையிலும் தயாரிக்கப்படுகிறது, பாலியீதர் அடிப்படையிலும் தயாரிக்கப்படுகிறது. பாலியெஸ்டர் வகையைக் காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்லச் சிதைக்கும். பள்ளியில் படித்த நீராற்பகுப்பு என்பது இதுதான். ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊரில், வெப்பமும் சேர்ந்துகொண்டால் அது பிசுபிசுப்பாகி நொறுங்க அதிகக் காலம் ஆகாது. பாலியீதர் வகை ஈரத்தைப் பெரிதும் தாங்கும். அதன் பகை வெளிச்சம். சன்னலோரம் வைத்தால் மஞ்சளாகிப் பொடியும். அலமாரிக்குள் வைக்கும் பொம்மைக்கு ஈரம் தாங்குவதே தேவை என்பதால், பாலியீதர்தான் நமக்குரியது. சோபா, மெத்தைப் பஞ்சுகள் பெரும்பாலும் பாலியீதர். கருவிப் பெட்டிகளுக்குள் வரும் சாம்பல் அல்லது கறுப்பு நிற, நுண்துளை உட்பஞ்சு பல வேளைகளில் பாலியெஸ்டர். என் யானையின் கதை அதுவே. வலை ஃபோமிலும் பாலியெஸ்டர் வகை உண்டு என்பதால், விற்பவரிடம் எது என்று கேட்டு, பதில் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

நினைவுப்பஞ்சு என்று தலையணைகளில் வருவது பொம்மைக்கு ஆகாது. அமுக்கினால் சோம்பலாக எழும். குளிர்சாதன அரங்கில் இன்னும் இறுகும். ஒருமுறை அதில் ஒரு பாட்டியின் தலையைச் செதுக்கி ஒத்திகைக்குக் கொண்டுபோனேன். வாயைத் திறந்தால் மூட மறுத்தது. குழுவில் இருந்த இளம்பெண், “அக்கா, இது தலையா, தலையணையா?” என்றாள்.

இரண்டாம் குடும்பம் பாலிஸ்டைரீன். மணி மணியாக உதிரும் வெள்ளைத் தெர்மகோலும், மணியில்லாமல் ஒரே சீராக இருக்கும் எக்ஸ்பிஎஸ் (XPS) பலகையும் இதன் இரு பிள்ளைகள். ஸ்டைரோஃபோம் என்பது முதலில் பலகை வகைக்கு ஒரு நிறுவனம் வைத்த வணிகப்பெயர். ஊரே அதை மணி வகைக்குச் சூட்டிவிட்டது. எனவே கடையில் பெயரைச் சொல்லிக் கேட்காமல், உடைந்த ஓரத்தைப் பார்த்து வாங்க வேண்டும். ஓரத்தில் மணிகள் தெரிந்தால் அதில் பெரிய உருவங்களை வெட்டலாம், இமையும் உதடும் செதுக்க முடியாது. எக்ஸ்பிஎஸ் பலகையில் கண்ணிமையின் மடிப்பைக்கூடக் கத்தி முனையால் எழுதலாம். கோல்பொம்மைத் தலைக்கும் நூல்பொம்மை உறுப்புகளுக்கும் நான் எடுப்பது இதைத்தான்.

மூன்றாம் குடும்பத்தில் பாலிஎத்திலீனும், ரப்பர்போல் வளையும் இவிஏ (EVA) ஃபோமும் வரும். மின்சாதனப் பெட்டிகளில் வரும் வெள்ளை வளையும் ஃபோம், நீச்சல் குளத்து நீளக்குழல் ஆகியவை பாலிஎத்திலீன். பிள்ளைகள் விளையாடும் புதிர்ப்பாய்கள் பெரும்பாலும் இவிஏ. இவற்றைச் செதுக்குவதைவிட வெட்டி, வெப்பக்காற்றால் வளைத்து, ஒட்டி உருவாக்குவதே இயல்பு. காது, கொம்பு, கிரீடம், வாய்க்குள் ஒட்டும் தட்டு ஆகியவற்றுக்கு மிகப் பொருத்தம்.

பூச்சாடியில் செருகும் பச்சைக் கட்டியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். விரல் நகத்தால்கூடச் செதுக்கலாம் என்பது உண்மை. அதே நகம் பட்டால் மேடையில் மூக்கு உதிர்ந்துவிடும் என்பதும் உண்மை. அதன் தூளும் மூச்சுக்கு நல்லதன்று. குப்பியிலிருந்து பீய்ச்சும் ஃபோமில் உள்ளே பெரிய குமிழ்கள் ஒளிந்திருக்கும். இரண்டையும் விட்டுவிடலாம்.

மூன்றாம் படி: வாங்கும் இடமும் கையால் பார்க்கும் சோதனையும்

புதிய சோபாப் பஞ்சு வேண்டுமென்றால் சுங்கை காடுட், உபி போன்ற தொழிற்பேட்டைகளில் உள்ள சோபா மெத்தை தைக்கும் பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள். முழுத் தகட்டைவிட வெட்டி எஞ்சிய துண்டுகள் நமக்கு வசதி. ஒரு தலைக்கு அதற்குமேல் தேவைப்படாது. எக்ஸ்பிஎஸ் பலகைக்குப் பிராஸ் பாசா வளாகத்தின் கலைப்பொருள் கடைகளிலும், வெளியே போர்த்தும் துணிக்கு அராப் ஸ்திரீட்டிலும் தேடலாம். தேக்கா சந்தை மீன்கடைகளின் தெர்மகோல் பெட்டிகள் எளிதில் கிடைக்கும். எத்தனை முறை கழுவினாலும் மீன் வாடை போகாது என்பதால் நான் அவற்றைப் பயிற்சிக்கு மட்டுமே எடுக்கிறேன். பொதி ஃபோமில் முக்கோணக் குறி இருந்தால் உள்ளே உள்ள எண்ணைப் பாருங்கள்: 6 என்றால் பாலிஸ்டைரீன், 4 என்றால் பாலிஎத்திலீன்.

கடையில் “மெத்து, நடுத்தரம், கெட்டி” என்று மட்டும் சொல்வார்கள். கெட்டித்தன்மை வேறு, அடர்த்தி வேறு. தொட்டால் கெட்டியாக இருக்கும் மலிவான பஞ்சு, அடர்த்தி குறைவாக இருந்து, கத்தரி பட்டதும் இழுபடக்கூடும். அடர்த்தியை வீட்டிலேயே அளக்க ஓர் எளிய வழி உண்டு. பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள கனசதுரம் ஒன்றை வெட்டிச் சமையலறைத் தராசில் வையுங்கள். அது காட்டும் கிராம் எண்ணிக்கையே ஒரு கனமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற அடர்த்தி. 24 கிராம் காட்டினால் அடர்த்தி 24. கைப்பொம்மைத் தலைக்கு 24 முதல் 32 வரை உள்ளதை நான் தேடுவேன். அதற்குக் கீழே போனால் மூக்கின் ஓரம் கூர்மையாக நிற்பதில்லை.

அதே கனசதுரம் பொம்மையின் எடையையும் சொல்லிவிடும். 20 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம், 25 செ.மீ. உயரமுள்ள கட்டி என்பது பத்துக் கனசதுரங்களுக்குச் சமம். 24 அடர்த்தியில் 240 கிராம், 32-இல் 320 கிராம். செதுக்கிக் குடைந்த பிறகு பாதியோ அதற்கும் குறைவோ மிஞ்சும். பிறகு துணி, கண், முடி, பசை எல்லாம் ஏறும். பாலியூரித்தேனில் அமுங்காத கெட்டி வகையும் உண்டு; அடர்த்தி 100 உள்ள அந்தக் கட்டியில் அதே அளவு ஒரு கிலோவாகிவிடும். தலைக்குமேல் கையை உயர்த்தியபடி இருபது நிமிடம் ஆட்டுபவருக்கு இந்த வேறுபாடு தோள்பட்டையில் தெரியும்.

எடை பார்த்தபின் கட்டைவிரலால் பாதி ஆழத்துக்கு அமுக்கி விடுங்கள். உடனே எழ வேண்டும். கனசதுரத்தில் வாய்வைத்து ஊதுங்கள். மறுபக்கம் காற்று வந்தால் திறந்த அறை, வராவிட்டால் மூடிய அறை. பெருந்தலைப் பொம்மைக்கு இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. தீக்குச்சி வைத்துப் பார்ப்பது சிலர் செய்யும் பழக்கம்; வீட்டுக்குள் அதைச் செய்யாதீர்கள்.

நான்காம் படி: பசையும் வண்ணமும் முதலில்

புதிதாகச் செய்பவர்கள் தலையைச் செதுக்கி முடித்த பிறகே பசையைத் தேடுகிறார்கள். இதைத் தலைகீழாக மாற்றுங்கள். அந்தக் கனசதுரத்தையே இரண்டாக வெட்டி, வீட்டிலுள்ள பசையால் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பிய்த்துப் பாருங்கள்.

பாலியூரித்தேனுக்குக் கான்டாக்ட் பசை நல்லது. இரு பக்கமும் மெல்லப் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, பிறகு ஒரே முறையில் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் நகர்த்த முடியாது. அதே பசையைப் பாலிஸ்டைரீனில் பூசினால் அதிலுள்ள கரைப்பான் ஃபோமையே தின்றுவிடும். அசிட்டோனும், பல வண்ணத்தெளிப்புக் குப்பிகளும் அப்படித்தான். எக்ஸ்பிஎஸ்ஸில் இரண்டு இரவுகள் செதுக்கிய ஒரு முனிவர் முகத்தில் தங்க வண்ணத்தைத் தெளித்தேன். நான் குப்பியைக் கீழே வைப்பதற்குள் கன்னமெல்லாம் குழி விழுந்து, பெரியம்மை கண்டவர் முகமாகிவிட்டது. பாலிஸ்டைரீனுக்கு வெள்ளைப் பசை போதும், ஆனால் நடுப்பகுதிக்குக் காற்று எட்டாததால் உலர ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். அவசரம் என்றால், குறைந்த வெப்பத்தில் இயங்கும் பசைத் துப்பாக்கி. பாலிஎத்திலீனில் வெள்ளைப் பசை ஒட்டவே ஒட்டாது. உப்புத்தாளால் தேய்த்துக் கான்டாக்ட் பசை போட வேண்டும்.

வண்ணத்துக்கும் இதே விதி. எக்ஸ்பிஎஸ் முகத்தின்மேல் வெள்ளைப் பசையில் தோய்த்த மெல்லிய தாளை இரண்டு அடுக்கு ஒட்டி உலர்த்திவிட்டால், அதன்மேல் நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தை அச்சமின்றிப் பூசலாம். மடங்கும் பஞ்சில் வெறும் அக்ரிலிக் வெடித்து உதிரும். திரவ ரப்பர்ப்பாலில் கலந்து மெல்லப் பூசினால் மடங்கும். ரப்பர்ப்பால் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால், பிள்ளைகள் தொட்டு விளையாடும் பொம்மைக்கு வண்ணத்தைவிட ஃபிளீஸ் துணியால் போர்த்துவதே என் தேர்வு.

ஐந்தாம் படி: செதுக்குதல்

பாலிஸ்டைரீனைச் சூடான கம்பியால் வெட்டலாம். சன்னல்களைத் திறந்து, மின்விசிறியை வெளிப்பக்கம் நோக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாலியூரித்தேனை ஒருபோதும் சூட்டால் வெட்டாதீர்கள். அதன் புகையில் ஹைட்ரஜன் சயனைடும் ஐசோசயனேட்டுகளும் வரக்கூடும். சமையலறை சன்னல் எவ்வளவு அகலமாக இருந்தாலும் அது போதாது. வெட்டப்போவது எந்த ஃபோம் என்று தெரியாவிட்டால், கத்தி மட்டுமே.

நுரைப்பஞ்சுக் கட்டியில் முதலில் முன்பக்கமும் பக்கவாட்டும் மார்க்கரால் வரைந்து, இறைச்சி வெட்டும் மின்கத்தியால் பெருவடிவம் எடுங்கள். மின்கத்தியை அழுத்தினால் பஞ்சு அமுங்கி, வெட்டு வளைந்துவிடும். கத்தியின் எடையே அதை இறக்கட்டும். மின்கத்தி இல்லாதவர் நீள அலகை வெளியே தள்ளும் பேனாக்கத்தியைப் பயன்படுத்தலாம். வெட்டு இழுபடத் தொடங்கிய அந்தக் கணமே அலகின் ஒரு கண்ணியை உடைத்துப் புது முனைக்கு மாறுங்கள். மழுங்கிய அலகு பஞ்சை வெட்டுவதில்லை, கிழிக்கிறது.

பெருவடிவம் வந்தபின் எல்லா வேலையும் கத்தரியில்தான், அதிலும் முகத்தின் நடுவிலுள்ள மூக்கில்தான். மூக்கை வெட்டிச் செய்யாதீர்கள்; அதைச் சுற்றியுள்ளதை எடுங்கள். வளைந்த நுனியுள்ள சிறு கத்தரியைக் கன்னத்தின்மேல் படுக்கவைத்து, கண்குழியிலிருந்து மூக்கை நோக்கி, அரிசி மணி அளவுக்குத் துணுக்குத் துணுக்காக எடுத்து வாருங்கள். ஒவ்வொரு பத்துத் துணுக்குக்கும் ஒருமுறை தலையைத் திருப்பிக் கீழே தட்டி, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து நிழலைப் பாருங்கள். மூக்கின் இரு பக்க நிழலும் ஒத்திருந்தால் நிறுத்திவிடலாம். இன்னும் கொஞ்சம் எடுக்கலாமே என்று தோன்றும் இடத்தில் எடுத்தால், அந்தக் கொஞ்சத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. கூரையிலிருந்து மழைநீர் வழிவது போல மூக்கிலிருந்து கன்னத்துக்கு ஒரே சரிவாக இறங்க வேண்டும். இடையில் படி தெரிந்தால் துணி போர்த்தியபின் அது இருமடங்காகத் தெரியும்.

கை நுழையும் குழியைக் கடைசியில் குடையுங்கள். தாடைச் சுவர் இரண்டு செ.மீ. தடிமனுக்குக் குறையாமல் விட்டு, வாயின் மேலும் கீழும் மெல்லிய இவிஏ தகட்டைத் தட்டாக ஒட்டினால், விரலின் அசைவு உதடு வரை போய்ச் சேரும்.

எக்ஸ்பிஎஸ்ஸில் வேலை சுருக்கம்: கத்தியால் வடிவம், அரத்தால் வளைவு, உப்புத்தாளால் வழவழப்பு. தூள் பறக்கும் என்பதால் என்95 முகக்கவசம் அணிந்து, ஈரத்துணியை விரித்து வேலை செய்யுங்கள். தெர்மகோல் மணிகள் கழுவுதொட்டிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சிய பலகைகளை வீட்டு வாசலில் சாத்திவைக்கும் எண்ணமும் வேண்டாம். அடுக்குமாடிகளின் பொது நடைபாதையில் 1.2 மீட்டர் வழி தடையின்றி இருக்க வேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி, ஃபோமோ எளிதில் தீப்பற்றுவது.

ஆறாம் படி: காட்சி முடிந்தபின்

ஆட்டுபவரின் வியர்வை உள்ளே ஊறியிருக்கும். பொம்மையை உடனே பையில் போடாமல், ஓர் இரவு மின்விசிறியின் கீழ் வாய் திறந்தபடி நிறுத்திவையுங்கள். பிறகு தலைக்குள் மெல்லிய தாளைச் சுருட்டி நிரப்பி, மடிக்காமல், மேலே எதையும் அடுக்காமல், பருத்திப் பையில் போட்டு, சிலிகா ஜெல் பொட்டலங்களோடு இருட்டான அலமாரியில் வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பை உள்ளே இருக்கும் ஈரத்தையும் சேர்த்தே பூட்டிவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் பாலிஸ்டைரீன் பொம்மையை விட்டுவைத்தால் வளைந்துபோகலாம்.

நல்ல பாலியீதர் பஞ்சும் என்றாவது ஒருநாள் பொடியத்தான் செய்யும். அதனால் முகத்தின் முன்தோற்ற, பக்கத்தோற்ற வரைபடங்களைத் தாளில் வெட்டி உறையில் வைத்திருங்கள். தராசில் எடைபார்த்த அந்தக் கனசதுரத்தின் ஒரு பாதியையும் தூக்கி எறியாதீர்கள். வாங்கிய நாள், ஃபோம் வகை, பயன்படுத்திய பசை ஆகியவற்றை அதன்மேல் எழுதி, பொம்மையோடு அதே பையில் போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதன் மூலையை விரலால் நசுக்கிப் பாருங்கள். விரலில் பிசுபிசுப்பு தெரிந்தால், துணிக்குள் இருக்கும் தலையும் அதே நிலைக்கு வந்துகொண்டிருக்கிறது. உறையிலிருந்து வரைபடத்தை எடுத்துப் புதிய கட்டியில் வரையத் தொடங்குங்கள்.